உறுமி நின்ற இடம்

நைஜீரியாவில், லாகோஸில், என் மேல்வீட்டுக்காரர்கள் காலையில் பாட்டுப் போட்டால், நான் முதல் தோசை ஊற்றும்போது தொடங்கியது, சாப்பிட்டுத் தட்டைக் கழுவும்போதும் அதே பாட்டாகத்தான் இருக்கும். வேகம் கூடாது, குறையாது. அந்த ஊர் ஆஃப்ரோபீட் இசை அப்படித்தான், இறங்கி மிதக்க வேண்டியதுதான். ஒலிப்பதிவு வேலைக்கு அங்கே வந்த புதிதில், வாசிப்பவர்களிடம் இந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்று கேட்டேன். "ஏன், எங்கேயாவது போக வேண்டுமா?" என்று சிரித்தார்கள்.

எங்கள் திண்டுக்கல் பக்கத்து உறுமி மேளம் வேறு மாதிரி. கோயில் திருவிழாவில் மெல்லத் தொடங்கி, ஆடுகிறவருக்குச் சாமி வரும்வரை ஏறிக்கொண்டே போகும். அவர் கை உயர்ந்தால் அடி சட்டென்று நிற்க வேண்டும். சாமி வாக்குச் சொல்லப்போகிறது. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே நரைத்தவர் என் பெரியப்பா. லாகோஸில் இசைக்குழு நடத்தும் டுண்டே, அவர் வாசிப்பை என் போனில் கேட்டுவிட்டு, தன் இளைஞர் குழுவோடு எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரத்துக்கே வந்துவிட்டான்.

மதியத்துக்கு மேல் காலியாகிவிடும் பூச்சந்தைக் கொட்டகையில் பதிவு. உறுமியின் இரண்டு முகத்துக்கும் இரண்டு மைக், கிடாருக்கு ஒன்று, ஆட்டுச் சத்தத்தைத் தடுக்கக் கெட்டிப் போர்வை. எல்லாம் சரியாக இருந்தது, பெரியப்பாவைத் தவிர. ஒவ்வொரு முறையும் அவர் தாளம் குழுவைவிட்டு முன்னே ஓடியது. வேகத்தைப் பிடித்து வைக்க ஹெட்போனில் டிக் டிக் ஒலி கொடுத்தேன். கழற்றி என் மடியில் போட்டார்.

"ஏத்தா, என்னா இது, காதுக்குள்ள பல்லி கத்துது?"

மறுநாள் விமானம். டுண்டே என் அருகில் வந்து, பதிவில் நன்றாக வந்த ஒரு துண்டை வெட்டித் திரும்பத் திரும்ப ஒட்டிவிடலாம் என்றான். எனக்கு அது பத்து நிமிட வேலை. பெரியப்பாவிடம் சொன்னேன்.

"அதுக்கு எதுக்கு நானு? என் போட்டோவ எடுத்துட்டுப் போங்க." உறுமியின் வாரைத் தோளிலிருந்து கழற்றினார். "ஆடுறதுக்கு ஆளே இல்ல. யாரைப் பாத்து அடிக்க?"

குழுவின் பாடகி ஃபோலா, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

பெரியப்பா அவள் பாதங்களைப் பார்த்தார். வாரை மறுபடி மாட்டினார். குழு வாசிக்க, அவள் ஆடத் தொடங்கினாள். ஆடுகிற காலை முந்தி அடி போகக்கூடாது என்பது அவர் முறை. அந்தக் கால்களோ வேகம் கூட்டவே இல்லை. அவரும் கூட்டவில்லை. தரையில் உதிர்ந்த மல்லிகை மிதிபட்டு மணத்தது. தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விழுந்த வெயில் வட்டங்கள் அவள் முதுகில் ஏறி இறங்கின. நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ஃபோலா வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். உறுமி நின்றது. திடுக்கிட்டு எல்லாக் கருவிகளும் நின்றன. பெரியப்பா குனிந்து கைகூப்பி, "சொல்லு தாயி" என்றார்.

ஃபோலா மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுது?"

"தண்ணி கேக்குறாங்க, பெரியப்பா."

"மொதல்ல அதத்தான் கேக்கும். ஓடு, கொண்டா."

வெட்டவில்லை, ஒட்டவில்லை. அந்த நிறுத்தத்தையும் டுண்டே அப்படியே வைத்துக்கொண்டான். இப்போது லாகோஸ் மேடைகளில் அந்த இடம் வரும்போது குழு உறைந்து நிற்கிறது. கூட்டம் கத்திக் கொண்டாடுகிறது. ஒலிப்பலகைக்குப் பின்னால் நான் மட்டும், கையில் தண்ணீர் பாட்டிலோடு பாதி எழுந்து நிற்கிறேன்.