குடம் வராத நாள்

எழுத எனக்குக் கை வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். புள்ளி எங்கே வைப்பது, கால் எங்கே போடுவது என்று இப்போதும் சந்தேகம்தான். மறதியும் கூடிவிட்டது. நேற்று என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்டால் முழிப்பேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசச் சொன்னால் இந்த அளவுகூட வராது.

இன்று காலை வீட்டுக் குழாயைத் திறந்தேன். மூன்று நாளாகத் தண்ணீர் விடவில்லை. முதலில் புஸ்ஸென்று காற்று வந்தது, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் தண்ணீர். அந்தத் துரு வாடை மூக்கில் ஏறியதும் சொம்பைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எங்கள் தெருக்குழாயின் வாடை அது.

எங்கள் சந்து மலையடிவாரத்துப் பெரிய கோயிலுக்குப் பின்னால், ஒரு ஆட்டோ நுழைந்தால் எதிரில் வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளவேண்டிய அகலம். முனையில் ஒரே குழாய். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் தண்ணீர் வரும். அதற்கு முன்னாலேயே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். குடத்தைப் பார்த்தாலே யாருடையது என்று தெரியும். என்னுடையது நீலக் குடம், கழுத்தில் என் மகன் சின்ன வயதில் பெயிண்டால் இழுத்த கோடு. பச்சையம்மா அக்காவுடையது ஒரு பக்கம் ஒடுங்கினது. அடியில் விழுந்த ஓட்டையை அவளே கரண்டியைக் காய்ச்சி வைத்து உருக்கி அடைத்திருந்தாள். "அதுக்கும் என்னை மாதிரியே ஆபரேசன் ஆயிடுச்சி" என்பாள்.

அக்கா வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் இறந்து, ஒரே மகளும் பெங்களூரில் குடியேறிய பிறகு தனிக்கட்டை. நானும் அப்படித்தான். வீட்டுக்காரர் போனார், மகன் ஓசூரில் வேலை கிடைத்துப் போனான். அவளுக்கு வாய் ஜாஸ்தி, எனக்குக் கம்மி. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற விடுதி ஒன்றில் பதினெட்டு வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தேன். அந்த வேலை ஏன் பிடித்தது தெரியுமா? அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது, நானும் பேசவேண்டியதில்லை. சிரித்தால் போதும். பதினெட்டு வருஷமும் சிரித்தே ஓட்டிவிட்டேன்.

குழாயடியில் சிரித்தால் மட்டும் போதாது. சண்டை வராத நாள் கிடையாது. அதுவும் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் மலை சுற்றி முடித்தவர்கள் கால் கழுவ நுழைவார்கள், வரிசை குலைந்துபோகும். அக்கா முந்தானையைச் சொருகிக்கொண்டு முன்னால் போய் நிற்பாள். "சாமிய சுத்திட்டு வந்து எங்க வயித்துல அடிக்கறீங்களே, நல்லா கீதா?" என்று கத்திவிட்டு, கொஞ்ச நேரத்தில் அவளே ஒரு சொம்பு மொண்டு அவர்கள் கொப்புளக் காலில் ஊற்றிக்கொண்டிருப்பாள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்ததோ தெரியாது. தண்ணீர் வந்த பிறகும் ஒரு குடம் வரவில்லை என்றால் அந்த இடத்தில் ஒரு கல்லை வைப்பார்கள். ஒருத்தி போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவாள். மகனோடு மருமகளோடு இருக்கிறவர்களுக்கு அவ்வளவாக இல்லை, தனியாகக் கிடக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு.

எனக்கு ஒருமுறை தட்டினார்கள். மூட்டு மூட்டாகப் பிடித்துக்கொள்கிற காய்ச்சல் ஊரெல்லாம் வந்த வருஷம். சுவரைப் பிடித்து எழுந்தேன், கால் நிற்கவில்லை. சத்தம் போட்டிருக்கலாம், வெட்கம். சாகக் கிடக்கிறவளுக்கு என்ன வெட்கம் என்று கேட்பீர்கள். கூடப் பிறந்தது, என்ன செய்வது. முன்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, பின்பக்கத் தட்டியைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள்.

"இன்னாடி, உன் குடம் வரலன்னா நாங்க இன்னான்னு நெனைக்கறது? செத்தா சொல்லிட்டு சாவுடி."

சொல்லிக்கொண்டே நெற்றியில் கையை வைத்தாள். பத்து நாள் குழாயடிப் பெண்கள் முறைபோட்டு வந்தார்கள். ஒருத்தி கஞ்சி, ஒருத்தி வெந்நீர். ஓசூரிலிருந்து மகன் வந்தபோது என்னை உட்காரவைத்து அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். டாக்டர் மாத்திரையில்தான் பிழைத்தேன் என்று அவன் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பிறகு வீட்டுக்கு வீடு குழாய் வந்தது. நாங்கள்தான் மனு கொடுத்தோம், என் கையெழுத்தும் அதில் இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சந்திலேயே ஜாஸ்தி சந்தோஷப்பட்டவள் நான்தான். குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்தேன். இனி இடுப்பு நோகாது, நாலு பேர் முன்னால் நின்று பதில் சொல்லவும் வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அக்கா என் வாசலில் நின்றாள். "இனிமே உன் மூஞ்சிய பாக்கணும்னா உனக்கு ரெண்டாங் கல்யாணம்தான் பண்ணி வெக்கணும் போல" என்றாள். சிரித்தேன். உள்ளே வா என்று சொல்லியிருக்கலாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

அப்புறம் ரேஷன் கடையில் பார்த்துக்கொண்டால் உண்டு. சந்தில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக மாடி கட்டி வாடகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் போனார்கள். மாடிக்கு வருகிறவர்கள் யார், போகிறவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது.

போன வருஷம், மழைக்கு முன்னால். தண்ணீர் வந்த நாள். குப்பை கொடுக்க வெளியே வந்தேன். அக்கா வீட்டு வாசற்படியில் தண்ணீர் வழிந்து சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் தண்ணீர் வருமுன்பே குழாயைத் திறந்து வைத்துவிடுவோம், சத்தம் கேட்டதும் போய்ப் பிடிப்போம். அப்படித் திறந்துவிட்டு மறந்திருப்பாள் என்று நினைத்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் போய் "யக்கா" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. எதிர் மாடியில் துணி காயப்போட்ட பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க வேணும்?"

கூச்சமாகிவிட்டது. "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பத்தடி தூரத்தில் கதவு. தட்டவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை, அம்மா போனை எடுக்கவில்லை என்று மகள் சொல்லி ஆட்கள் வந்து கதவை உடைத்தார்கள். குளியலறை வாசலில் கிடந்தாள். திங்கட்கிழமை விழுந்து இடுப்பு ஒடிந்திருக்கும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துலதான சின்னம்மா இருந்தீங்க?" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

தெருக்குழாயைப் பிடுங்கிவிட்டு மேலே சிமென்ட் ரோடு போட்டுவிட்டார்கள். எந்த இடம் என்று காட்டச் சொன்னால் எனக்கே தடுமாறும். அந்த வரிசையில் நின்றவர்களில் நான் ஒருத்திதான் இந்தச் சந்தில் மிச்சம். மகன் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறான். சாப்டியாமா, சாப்டேன்பா, அவ்வளவுதான். ஞாயிறுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஆறு நாள் இருக்கிறது. இப்போதெல்லாம் உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. உடைக்கிற வேலையாவது மிச்சம்.

ஒன்றை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்லவேண்டும். நான் அக்கா வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றது தண்ணீர் வந்த நாள் என்பது நிச்சயம். அது செவ்வாயா புதனா என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. புதன் என்றால் நான் தட்டியும் பிரயோசனம் இருந்திருக்காது. செவ்வாய் என்றால் அவள் உள்ளே இருந்து என் குரலைக் கேட்டிருப்பாள். எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் விட்டது என்று வால்வு திறக்கிறவர் நோட்டில் எழுதிவைப்பாராம். அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் கேட்டுச் சொல்லுங்கள். நானே போய்க் கேட்கலாம்தான். இரண்டு தடவை அவர் நிற்கிற இடம் வரைக்கும் போனேன். அவர் திரும்பிப் பார்த்ததும் வந்துவிட்டேன்.