அக்காவின் ஏ மைனர் கொன்சேர்ட்டோ

எங்கள் பியானோவின் மூடியைத் திறந்தால் பூச்சி உருண்டை மணக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நோர்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு தேவாலயத்தில் அதை வேண்டாமென்று வாசலில் வைத்திருக்க, அப்பாவும் நண்பர்கள் மூவரும் நடைபாதை வழியே உருட்டிக்கொண்டு வந்து, முன்னறைக் கதவைக் கழற்றி உள்ளே ஏற்றினார்கள். எண்பதுகளின் கடைசி அது. எனக்கு வயது பத்து, அக்கா சுமதிக்குப் பதினாறு. அடியில் இரண்டு கட்டைகள் ஊமை. மற்றவை எல்லாம் அரைச்சுரம் இறங்கிக் கிடந்தன. அம்மா அதைப் "பெட்டி" என்றுதான் சொல்வார்.

சனிக்கிழமைகளில் கவுன்சில் நடத்திய இசைப் பள்ளிக்கு அக்கா போய்வந்தாள். அந்த வருடம் அங்கிருந்த இளைஞர் வாத்தியக் குழுவோடு ஒரு கொன்சேர்ட்டோவின், அதாவது தனிப் பியானோவும் முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசையின், முதல் பகுதியை வாசிக்க அவளைத் தெரிவுசெய்திருந்தார்கள். ஆசிரியை தட்டச்சு செய்து கொடுத்த குறிப்பை, லீக்ஸ் அரிந்துகொண்டிருந்த அம்மாவுக்கு அக்கா தமிழில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: நோர்வே நாட்டுக்காரர் ஒருவர் இருபத்து நாலு வயதில், மனைவியோடும் பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையோடும் டென்மார்க்கில் ஒரு கோடைகாலத்தைக் கழித்தபோது எழுதியதாம், எழுதி முடித்த பிறகும் சாகும் காலம்வரை அங்கும் இங்குமாகத் திருத்திக்கொண்டே இருந்தாராம்.

"கைக்குழந்தையோடை இருந்து எழுதினவரோ?" என்று கேட்ட அம்மா, "அப்ப மனிசிதான் பிள்ளையைப் பாத்திருப்பா" என்று அந்த வரலாற்றை அத்தோடு முடித்துவைத்தார்.

அந்த இசை ஒரு மேளத்தோடு தொடங்கும். காதில் விழுந்ததோ இல்லையோ என்ற அளவில் எழும் உருட்டல் பெருகிப் பெருகி உச்சிக்குப் போய் நிற்கும் கணத்தில், பியானோ மேல் கட்டைகளிலிருந்து கீழ்வரை ஒரே பாய்ச்சலில் விழும். அந்த ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு பெரிய சண்டை ஒன்று வரப்போகிறது என்று நினைத்தால், வராது. குழல் வாத்தியங்கள் கூச்சத்தோடு ஒரு சிறு மெட்டைச் சொல்லும்; பியானோ அதை வாங்கித் தன் குரலில் திருப்பிச் சொல்லும். இன்னோரிடத்தில் செல்லோக்கள் உருகி வேறொன்றைத் தொடங்க, அதையும் பியானோ அணைத்துக்கொள்ளும். இடையிடையே நோர்வே நாட்டு ஆட்டத்தின் துள்ளலும் எட்டிப்பார்க்கும்.

வீட்டில் வாத்தியக் குழுவுக்கு எங்கே போவது? குழல்களின் பகுதியை நான் முணுமுணுத்தேன். மேளம் அப்பாவுடையது. "பிஸ்கட் பேணி"த் தகரத்தை மடியில் கவிழ்த்து வைத்து விரல்களால் உருட்டுவார். "மேளம் முடிஞ்ச பிறகு இல்லைப் பிள்ளை, அது உச்சியிலை நிக்கேக்கை நீ விழவேணும்" என்பார். அவர் தலையசைத்தால்தான் அக்காவுக்குக் கை எழும்.

எங்கள் அகதி விண்ணப்பத்தை ஏற்கெனவே நிராகரித்திருந்தார்கள். மேல்முறையீட்டு விசாரணைக்கு வந்த நாளும் அக்கா வாசிக்கும் நாளும் ஒன்றாகவே அமைந்தன. யாழ்ப்பாணத்தில் அரச அலுவலகத்துக்கும் கச்சேரி என்றுதான் பெயர். "எனக்கும் கச்சேரி, உனக்கும் கச்சேரி" என்று அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்கே தெரியும்.

மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பாவுக்குப் பிடித்துவைத்த பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. மேளம் எழுந்தது, பெருகியது, உச்சிக்குப் போனது. அக்காவின் கைகள் மடியிலேயே கிடந்தன. மேளம் தானாக அடங்க, யாரோ இருமினார்கள். குழுவை நடத்திய இளம்பெண் கோலைத் தாழ்த்திவிட்டுப் பியானோவுக்குப் போய்க் குனிந்து கேட்டார். அக்கா ஏதோ சொன்னாள். அந்தப் பெண் சபையைப் பார்த்து, இவளுடைய தகப்பனார் வந்துகொண்டிருக்கிறார், பிறகு வாசிக்க இருந்த நடன இசையை முதலில் வாசித்துவிடுகிறோம் என்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை.

"ஓடிப்போய் பஸ் வருதோ எண்டு பார்" என்று அம்மா என்னைத் தள்ளினார். மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு பஸ்கள் அப்பா இல்லாமல் போயின. மூன்றாவதிலிருந்து கோப்புப் பையை நெஞ்சோடு அணைத்தபடி இறங்கினார்.

"முடிஞ்சுதோ?" என்றார்.

"இல்லை. அக்கா இன்னும் துவங்கேல்லை. உங்களுக்காக எல்லாரும் நிக்கினம்."

"எனக்காகவோ?"

காலையிலிருந்து விசாரணை நடந்த இடத்தில் ஒரு வாங்குப் பலகையில் இருத்திவைத்து, பின்னேரம்தான் அவரை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். அன்று முழுவதும் மற்றவர்களுக்காகக் காத்திருந்த மனிதர் அவர். நடுத்தெருவில் நின்று என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு ஓடத் தொடங்கினார். அப்பா ஓடி நான் பார்த்ததில்லை.

பின்சுவரோரம் நனைந்த கோட்டோடு நின்று, மேடைக்குத் தெரியும்படி தலையசைத்தார். மேளம் எழுந்தது. அக்கா விழுந்தாள், சரியாக உச்சியில். அரைச்சுரம் இறங்கிய பெட்டியிலேயே கேட்டுப் பழகிய எனக்கு எல்லாமே ஒரு படி மேலே, வெளிச்சத்தில் நடப்பதுபோல இருந்தது. எங்கோ இரண்டு இடத்தில் பிழை விட்டாள் என்று பிறகு அவளே சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

"என்ன சொன்னவங்கள்?" என்று திரும்பும் வழியில் அம்மா கேட்டார். "ஒண்டும் சொல்லேல்லை. கடிதம் வருமாம்" என்றார் அப்பா. பல வாரங்கள் கழித்து வந்தது. நாங்கள் இங்கேயே இருக்கலாம் என்றிருந்தது.

இன்று அந்த இசைப் பள்ளி இல்லை. மண்டபம் இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பெட்டியை யாரும் இலவசமாகக்கூட எடுக்காததால் கவுன்சில் லொறியில் போனது. அப்பா காலமாகி ஏழு வருடங்கள். அக்கா இப்போது பல் மருத்துவர். வாசிப்பதை எப்போதோ விட்டுவிட்டாள். ஆனால் வானொலியில் அந்தக் கொன்சேர்ட்டோ வந்தால் உடனே எனக்கு அழைப்பாள். நானும் வானொலியைப் போடுவேன். பேசமாட்டோம். இரண்டு வீடுகளிலும் அது ஓடி முடிந்ததும், "சரி, வைக்கிறன்" என்பாள்.