பதரோடு மிதந்த மீன்

என் சம்பந்தியை, அதாவது மகளின் மாமனாரை, கடற்கரையில் நாலு பேர் பார்க்க நான் அவமானப்படுத்தினேன். சென்ற ஆண்டு நடந்தது. அவர் கையில் ஒரு குறையும் இல்லை. குறை, அவருடைய தூண்டில் நரம்பின் நுனியில் கட்டியிருந்த பொய்மீனில் இருந்தது. அந்தப் பொய்மீனைத் தயார் செய்தவன் நான்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். கடல் தெரியும் ஊரில் பிறந்தேனே தவிர, வேலையில் இருந்த காலம் முழுக்கத் தூண்டிலைத் தொட்டதில்லை. ஓய்வுக்குப் பிறகுதான் அலைக்கரையில் நின்று லூர் வீசும் பைத்தியம் பிடித்தது. லூர் என்பது இரை இல்லாத இரை. கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த மீன் உருவம், வயிற்றிலும் வாலிலும் மூன்று முள் கொக்கிகள், வாய்க்குக் கீழே ஒரு சின்னத் தகடு. நரம்பை இழுத்துச் சுற்றும்போது அந்தத் தகட்டில் தண்ணீர் மோதி, பொம்மை உயிருள்ள மீனைப் போல உடம்பை ஆட்டும்.

சம்பந்திக்குக் காவேரிப்பட்டினத்தில் நெல் வயலும் மாந்தோப்பும் உண்டு. தென்பெண்ணையில் மண்புழு கோத்து ஜிலேபியும் கெளுத்தியும் பிடித்த கை அவருடையது. என்னோடு சேர்ந்த பிறகு அவருக்கு ஒரே ஆசை வந்தது. கடலில், தன் கையால், ஒரு மீன். அதை ஊர் டீக்கடையில் முன்கூட்டியே சொல்லிவிட்டதுதான் அவர் செய்த பிழை. நாங்கள் மரக்காணம் போய் வெறுங்கையோடு திரும்பும் ஒவ்வொரு முறையும் கடையில் கேட்பார்களாம்: "இன்னாண்ணா, இந்தத் தபாவும் காத்து மட்டுந்தான் வாங்கியாந்தியா?"

அந்த ஆசைக்காகத்தான் ஒரு லூரை அவருக்கென்றே மாற்றி அமைத்தேன். கடையில் வாங்கிய மிதக்கும் லூர் அலைக்கரைக்கு ஆகாது. அலை உடைந்து நுரைக்கும் இடத்தில்தான் பெரிய மீன் குஞ்சுகளைத் தேடி வரும். அங்கே மேலே மிதக்கிற பொம்மையை அலை புரட்டிக் கரையில் எறிந்துவிடும். ஆகவே வயிற்றில் மெல்லிய துளை போட்டு, பேரிங்கிலிருந்து எடுத்த எஃகு உருண்டைகளை உள்ளே விட்டுப் பசையால் அடைத்தேன். பூஞ்சையான கொக்கிகளைக் கழற்றித் தடித்தவற்றை மாட்டினேன். கார் பட்டறையில் மிஞ்சிய வெள்ளி நிறம் உடம்புக்கு, மடவை மீன் போல முதுகில் கொஞ்சம் கரும்பச்சை. கண்ணுக்கு என் மனைவியின் ஒட்டுப்பொட்டு, அதன்மேல் வார்னிஷ்.

மொட்டைமாடியில் இருந்த நீல டிரம்மில் போர்த் தண்ணீரை நிரப்பி விட்டுப் பார்த்தேன். மூக்கும் வாலும் ஒரே மட்டத்தில் இருக்க, காய்ந்த இலை விழுவதைப் போல அது மெல்ல அடிக்கு இறங்கியது. எத்தனையோ அச்சுகளைப் பொருத்தியவன் நான். அந்த இறக்கத்தைப் பார்த்தபோது வந்த கர்வம் அவற்றில் எதற்கும் வந்ததில்லை.

சம்பந்தி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "பொட்டு வெச்ச மீனா? சம்பந்தியம்மா சாயலே இருக்குது" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் மரக்காணத்துக்கு வடக்கே, கழிமுகத்தை ஒட்டிய மணலில் விடியற்காலையில் நின்றோம். நான் கடையில் வாங்கிய கனத்த உலோக லூரை வீசினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சீலா மீன் மாட்டியது. அவர் என் படைப்பை வீசினார். அது நுரையில் விழுந்த மாத்திரத்தில் மேலே கிளம்பியது, அலை அதை உருட்டியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி மணலுக்கு வந்து சேர்ந்தது. மறுபடி வீசினார். மறுபடி மணல்.

"மெதுவா சுத்துங்க சம்பந்தி. நீங்க சுத்துத வேகத்துல அது மேல வந்துருது."

"மெதுவாத்தான் சுத்திக்கினு இருக்கேன்."

"தூண்டில் ராட் நுனியத் தாழ்த்துங்க."

"இதுக்கு மேல தாழ்த்துனா மண்ணத்தான் கிளறணும்."

பக்கத்தில் கரைவலை இழுத்து முடித்துவிட்டுப் பீடி பற்ற வைத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது, நான்காவது முறையும் லூர் மணலுக்கு வந்தபோது என் மண்டைக்குள் ஏதோ ஏறியது. என் வேலையில் பிழை இருக்க முடியாது. ஆகவே பிழை அவருடையது. உரக்கச் சொன்னேன்:

"எருமை குளிப்பாட்டுத குட்டையில தூண்டில் போட்ட கைக்குக் கடல் எப்படிப் புரியும்?"

வலைக்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். சம்பந்தி சிரிக்கவில்லை. நரம்பைச் சுற்றினார், லூரைக் கழற்றி என் கையில் கொடுத்தார், ராடைத் துடைத்துக் காரில் வைத்தார். திருவண்ணாமலையில் டீ வேண்டாம் என்றார். அவர் வீட்டு வாசலில் இறங்கும்போது, "வரேங்க" என்றார். 'சம்பந்தி' என்ற சொல் அதில் இல்லை.

அதன் பிறகு நான் போன் செய்தால் என் மகள் எடுப்பாள். "மாமா தோப்புல இருக்காருப்பா." எப்போது செய்தாலும் தோப்புதான்.

அந்த லூர் என் தோள்பையிலேயே கிடந்தது. நாற்று விடும் பருவத்தில் பேரனைப் பார்க்கக் காவேரிப்பட்டினம் போனேன். முற்றத்தில் விதை நெல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர். அதில் ஒரு கோழி முட்டை முழுகிக் கிடந்தது. சம்பந்தி என்னைப் பார்த்து, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல் உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினார். உப்பு கரையக் கரைய முட்டை மெல்ல எழும்பியது. மேலே வந்து அதன் தலை கொஞ்சம் வெளியே தெரிந்ததும் உப்பு போதும் என்று நிறுத்திவிட்டு விதையைக் கொட்டினார். நல்ல நெல் அடியில் தங்கியது. பதர் மிதந்தது. அடுத்த மூட்டையை எடுத்து வர அவர் உள்ளே போனார்.

அந்த வட்டாரத்தில் வருஷா வருஷம் நடக்கிற வேலைதான். நானும் பல முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அந்த முட்டையை விட்டு என் கண் நகரவில்லை. பையைத் திறந்து லூரை எடுத்துப் பாத்திரத்தில் விட்டேன்.

மிதந்தது. பதருக்கு நடுவில், வயிற்றுக் கொக்கிகள் தொங்க, என் மனைவியின் பொட்டால் என்னைப் பார்த்துக்கொண்டு மிதந்தது.

உப்புத் தண்ணீர் பொருளைத் தூக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். அதைப் படித்தவன், பரீட்சை எழுதியவன். போர்த் தண்ணீரில் அத்தனை நுணுக்கமாக இறங்கிய பொம்மை கடலில் மேலே வராமல் என்ன செய்யும்? மரக்காணத்துச் சாலையில் இரு பக்கமும் உப்பளம். குவித்து வைத்த உப்பைப் பார்த்தபடியே ஒவ்வொரு முறையும் கடலுக்குப் போய்வந்திருக்கிறேன்.

"என்னப்பா, விதை நெல்லுல பொம்மையப் போட்டு விளையாடுறீங்க?" மகள் பேரனை இடுப்பில் வைத்தபடி நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா."

அவசரமாக எடுத்துத் தோள் துண்டில் சுருட்டினேன். கொக்கி துண்டில் மாட்டிக்கொண்டது. சம்பந்தி மூட்டையோடு வெளியே வந்தபோது நான் துண்டைக் கிழித்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துவிட்டு மூட்டையை இறக்கினார். அங்கேயே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து டிரம்மில் கடல் செய்தேன். விதைக்குப் போடும் அளவு உப்பு கடலில் இல்லை. அளந்து, நாக்கிலும் வைத்துப் பார்த்து, கரைத்தேன். மனைவி மேலே வந்து பார்த்து, "எந்த மரத்து மாங்காய்க்கு இவ்ளோ பெரிய ஊறுகாய்?" என்றாள். பசையைச் சுரண்டித் துளையைத் திறந்து, இன்னும் சில உருண்டைகளைச் சேர்த்து அடைத்தேன். இப்போது உப்புத் தண்ணீரில் அது இலை போல இறங்கியது.

பிறகு நான் செய்ததுதான் கடற்கரையில் செய்ததைவிட மோசம். மகளிடம் சொல்லி அவரைப் போனுக்கு வரவழைத்துச் சொன்னேன்: "போனது போகட்டும் சம்பந்தி. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. வாங்க, இன்னொரு தடவை போவோம்."

அவர் செய்யாத தவறை நான் மன்னித்தேன்.

மறுமுனையில் அவர், "சரிங்க. இந்த வாட்டி நீங்க சொல்ற மாதிரியே சுத்துறேன்" என்றார்.

அதே மணல், அதே விடியல். வலைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்களை அடையாளம் கண்டு, "இன்னா பெரியவரே, எருமைய எங்க கட்டிட்டு வந்தீங்க?" என்று சம்பந்தியைக் கேட்டார். சம்பந்தி தலை குனிந்து கொக்கியைச் சரிபார்த்தார். பிறகு என்னிடம் மாணவனைப் போலக் கேட்டார்: "ராட் நுனி இவ்ளோ தாழ்ந்தா போதுமா?"

"போதும்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வீசினார். லூர் அலைக்கு அப்பால் விழுந்தது. மேலே வரவில்லை. நரம்பு விறைத்து, ராட் நுனி துடித்துத் துடித்து, அடியில் பொம்மை உடம்பை ஆட்டுவதைக் காட்டியது. அலை உடைந்து வெள்ளை நுரை அதன்மேல் ஓடியது. அப்போதும் வரவில்லை. இரண்டாவது வீச்சில், நுரைக்கு உள்ளிருந்து யாரோ கைபோட்டு இழுத்ததைப் போல ராட் வளைந்தது.

"சம்பந்தி! கன்னுக்குட்டி மாதிரி இழுக்குது!" என்று அவர் கத்தினார்.

'சம்பந்தி' திரும்பி வந்துவிட்டது.

மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எகிறித் தலையை உதறியது. வெள்ளிப் பக்கம், அகன்ற வாய். "கொடுவா! கொடுவா!" என்று வலைக்காரர்கள் பீடியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ரீல் கிர்ரென்று நரம்பை விட்டது. நான் எதுவும் சொல்லித்தரவில்லை; அவருக்குத் தேவைப்படவும் இல்லை. அலை பின்வாங்கும்போது தானும் இரண்டு அடி உள்ளே போய் நரம்பை விட்டார். அலை கரைக்கு வரும்போது பின்னால் நடந்து, அந்த அலையின் மேலேயே மீனை ஏற்றிக்கொண்டு வந்தார். வேட்டி முழுக்க நனைந்து காலில் சுற்றியது. கடைசி அலை மீனை மணலில் போட்டுவிட்டுப் போனது. அவர் அப்படியே அதன்மேல் விழுந்தார்.

முழங்கை நீளத்துக்கு மேல் இருந்தது. வாயோரத்தில் என் லூர். பொட்டுக் கண்ணில் ஒன்று போயிருந்தது.

மணல் ஒட்டிய முகத்தோடு நிமிர்ந்து சொன்னார்: "பாத்தீங்களா? சுத்தக் கத்துக்கினேன். நீங்க அன்னைக்கித் திட்டுனதும் நல்லதுதான்."

அதை என்னால் தாங்க முடியவில்லை. வலைக்காரர்கள் சுற்றி நிற்கும்போதே சொன்னேன். டிரம், போர்த் தண்ணீர், முட்டை, பதர், கிழிந்த துண்டு, போனில் நான் அளித்த மன்னிப்பு, எல்லாவற்றையும்.

அவர் மீனின் செவுளைப் பிடித்தபடியே கேட்டார்: "அப்ப அன்னைக்கு நான் நல்லாத்தான் சுத்துனேனா?"

"நல்லாத்தான் சுத்துனீங்க."

"எரும குட்டைன்னு எவ்ளோ சத்தமா சொன்னீங்க, அவ்ளோ சத்தமா சொல்லுங்க. அலை சத்தத்துல எனக்குக் கேக்கல."

கடலைப் பார்த்துக் கத்தினேன். "சம்பந்தி நல்லாத்தான் சுத்துனாரு! தப்பு என்னுது!" வலைக்காரர்கள் கை தட்டினார்கள். "பெரியவரே, இன்னொரு தபா!" என்றார் எருமையைப் பற்றிக் கேட்டவர். இன்னொரு தடவையும் கத்தினேன். இத்தனை வயதில் தொண்டை கிழிய ஒரு தவற்றை ஒப்புக்கொண்டதும், அப்படி மகிழ்ந்ததும் அன்றுதான்.

சம்பந்தி போனை எடுத்து டீக்கடையை அழைத்தார். "டேய், காத்து இல்லடா! கொடுவா! சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வாங்க, கொழம்பு!" பிறகு போனை என் வாயருகே நீட்டி, "இவருகிட்டயும் கேளு" என்றார். மூன்றாம் முறையும் சொன்னேன்.

திரும்பும் வழியில் உப்பளத்தருகே காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் ஒரு மூட்டை கல் உப்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, பின் இருக்கையில் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் தொப்பென்று இறக்கினார்.

"எதுக்கு இவ்வளவு?"

"உங்க டிரம்முக்குத்தான். அடுத்த மீனு எனக்கு இதவிடப் பெருசா வேணும், சம்பந்தி."