ஊர், வட்டம் தெரிவிக்கவும்

வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு பாடகனின் யூடியூப், இன்ஸ்டாகிராம் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எப்படி வந்தது என்று சிலர் கேட்கிறார்கள். எல்லாக் கூடுதல் பொறுப்புகளும் வரும் வழியில்தான் வந்தது. பேச்சு நடந்தபோது நான் அறையில் இருந்தேன். பொறுப்பேற்க வேறு ஆள் இல்லை.

பாடகன் என் மனைவியின் தம்பி. ஐம்பத்தொரு வயது. கடலூர் முதுநகரில் வீடு, சிப்காட்டில் ஷிப்டு வேலை. ஓய்வு நாட்களில் ஒரு மெல்லிசைக் குழுவில் இருபத்தைந்து வருடமாகச் சினிமாப் பாட்டு பாடிக்கொண்டிருந்தான். கல்யாண வரவேற்பில் காலி நாற்காலிகளுக்கு அவனளவு பாடியவர்கள் மாவட்டத்தில் இருக்க மாட்டார்கள். அவன் பாடும்போது கூட்டம் பந்தியில் இருக்கும்.

அவன் சொந்தமாகப் பாட்டெழுதி, கிட்டாரில் மெட்டும் போட்டு வைத்திருந்தது எங்களுக்கே தெரியாது. ஒரு பங்குனி மாதம் குழுத் தலைவரிடம் போய், ஒரு வருடம் வரமாட்டேன், என் பாட்டை மட்டும் பாடிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டான். அவர் நல்ல மனிதர். "அடுத்த பங்குனி வரைக்கும் உன் எடத்த யாருக்கும் குடுக்கல. சித்திர பொறந்தா சீசன். அதுக்குள்ள சொல்லிடு" என்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவனுக்கு என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொன்னான்.

"ஒரு ரூம்பு நெறைய ஆளு வந்தா போதும் மாமா. ஆனா என் பாட்ட கேக்கன்னே வந்திருக்கணும். கல்யாணத்துக்கு வந்த எடத்துல என்னயும் கேக்கக் கூடாது. அப்படி ஒரு தடவ நடந்துச்சின்னா குழுவ உட்டுடுவேன். நடக்கலன்னா திரும்பப் போயிடுவேன்."

"ஆளு எப்படிடா வரும்?" என்றாள் என் மனைவி.

"இப்ப எல்லாம் போனுலதான்க்கா."

அவள் என்னைப் பார்த்தாள். "தெருவுல எல்லாருக்கும் நீங்கதான ஃபாரம் ரொப்பித் தர்றீங்க. இவனுக்கும் ரொப்புங்க."

ரொப்பினேன். கணக்குகள் தொடங்கும் முறைகளை எழுத்தெண்ணிப் படித்தேன். விதிமுறைகளை ஏற்கிறேன் என்று குறியிடுவதற்கு முன் அவற்றை முழுவதும் வாசித்தவன் இந்த வட்டத்தில் நானாகத்தான் இருப்பேன். முதல் காணொளியை எங்கள் முன்னறையில் எடுத்தோம். அவனுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, மின்விசிறியை நிறுத்தி, காலண்டரைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டு எடுத்தது. பாட்டு ஆறு நிமிடம். அதற்கு முன்னால் என் அறிமுகவுரை ஒன்றரை நிமிடம். கீழே, அலுவலகக் கடிதத்தில் போலப் பொருள், பார்வை எல்லாம் குறிப்பிட்டு ஒரு விளக்கக் குறிப்பும் எழுதினேன். பதினோரு முறை பார்க்கப்பட்டிருந்தது. அதில் நான்கு முறை பார்த்தது நான்.

அடுத்து, ஓய்வூதியர்களின் வாட்ஸப் குழுவில் தினமும் காலை ஐந்து மணிக்கு அதை அனுப்பினேன். பத்தாம் நாள் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். விளக்கம் கேட்காமல் நீக்கியது முறையல்ல என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் என்னை நீக்கியவர் என்னிடம் வேலை கற்றவர் என்பதால் அவருடைய வேகத்தை ஓரளவு மெச்சவும் செய்தேன்.

மார்கழிக்குள் எட்டுப் பாட்டுகள் ஏற்றிவிட்டோம். எதுவும் நாற்பது பேரைத் தாண்டவில்லை. அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் சினிமாப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தான். என் மனைவிதான் அதைக் கவனித்தாள்.

"நான் ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க" என்றாள். "போன்ல ஒரு வீடியோவ தள்ளிட்டுப் போக எனக்கு மூணு விநாடி ஆவுது. அதுக்குள்ள நீங்க வணக்கமே சொல்லி முடிக்கல."

தை மாதம் ஒரு நாள் மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முதல் ஷிப்டு முடிந்து வந்த தம்பி, மடித்துக் கட்டிய லுங்கியோடு உட்கார்ந்து மிளகாயைப் பரப்பிவிட்டபடியே பாடினான். அவள் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாள். வணக்கம் இல்லை, அறிமுகம் இல்லை. முதல் நொடியிலேயே பாட்டு.

ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்ற பஸ்ஸுல
என் தோளுல தூங்குறவன் யாரு
எறங்குற எடம் தெரியும் எனக்கு
இன்னி வரைக்கும் தெரியாது பேரு

அரை நிமிடம். கடைசியில் மிளகாய் நெடி ஏறித் தும்முகிறான். அதை வெட்டாமல் என்னிடம் கேட்காமல் ஏற்றிவிட்டாள். ஒப்புதல் பெறாத கோப்பு என்று நான் சொல்லி வாய் மூடுவதற்குள் சில ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

கருத்துகள் வரத் தொடங்கின. "எங்க பஸ்ஸுல அது நான்தான்." "புதுச்சத்திரம் வந்தா என்ன எழுப்பி உடற அண்ணனுக்கு இத அனுப்பிட்டேன்." ராத்திரி டூட்டி பார்க்கும் புவனகிரிச் செவிலியர் ஒருவர், நான் தூங்கினால் ஜன்னல்தான் தோள் கொடுக்கிறது என்று எழுதியிருந்தார். நான் அதை மூன்று முறை வாசித்தேன்.

இந்த இடத்தில்தான் என் பிழை. பதில் போடாத கடிதம் என்பது எனக்குக் குற்றம். வந்த ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதினேன். எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: "தங்கள் கருத்து பெறப்பட்டது. மேல்நடவடிக்கைக்காகத் தங்கள் ஊர், வட்டம் தெரிவிக்கவும்." என்ன மேல்நடவடிக்கை என்று எனக்குத் தெரியாது. பணியில் இருந்தபோதும் பல சமயம் தெரிந்ததில்லை. அவர்கள் தெரிவித்ததை ஒரு நீளப் பதிவேட்டில் பெயர், ஊர், வட்டம், சொன்ன கருத்து என்று கோடு போட்டு எழுதி வந்தேன்.

யாரோ என் பதிலைப் படமாக எடுத்துப் பரப்பிவிட்டார்கள். அதன் பிறகு கூட்டம் வேறு விதமாக வந்தது. "அய்யா, என் மனு எந்த நெலையில இருக்கு?" "பாட்டுப் பிடிச்சிருக்கு, சான்றொப்பம் வேணுமா?" ஒருவர் விளையாட்டாகப் பட்டா மாறுதல் எப்படி என்று கேட்டார். விடை தெரிந்த கேள்வியை விட்டுவிட என்னால் முடியாது. நான்கு பத்தி எழுதினேன். அந்தப் பதிலுக்கு விழுந்த இதயக் குறிகள் அவனுடைய எட்டுப் பாட்டுகளுக்கும் சேர்த்து விழுந்ததைவிட அதிகம். மூன்று நாள் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

நான்காம் நாள் அவன் வந்தான். மாசி பாதி கடந்துவிட்டது.

"நேத்து ஒருத்தன் போன் பண்ணான் மாமா. பாட்ட கேட்டுட்டுப் பண்றான்னு நெனச்சேன். பட்டா மாமா இருக்காரான்னு கேக்குறான்."

என் மனைவி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"குழுவுல பந்திக்குப் பக்கத்துல பாடினேன். இங்க தாலுக்கா ஆபீசுக்குப் பக்கத்துல பாடறேன். இன்னா வித்தியாசம் சொல்லுங்க. அவுங்க உங்களப் பாக்க வர்றாங்க மாமா. வரட்டும், தப்பில்ல. ஆனா எனக்கு இன்னும் ஒன்னர மாசம்தான் இருக்குது."

அவன் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். உயர்ந்த குரலுக்குப் பதில் சொல்லிப் பழக்கம் உண்டு.

"இனிமே நீயே பதில் போடு மச்சான்" என்று போனை அவன் கையில் கொடுத்தேன். பொறுப்பை ஒப்படைக்கும்போது ஆவணங்களையும் ஒப்படைக்க வேண்டும். அதனால் பதிவேட்டையும் கொடுத்தேன். வேறு எந்த நல்ல எண்ணமும் அதில் இல்லை.

அவன் அதை வாங்கிச் சும்மா புரட்டினான். பிறகு உட்கார்ந்தான். பிறகு முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தான்.

"இதுல பாதிப் பேரு செதம்பரம் பக்கமே இருக்காங்களே மாமா. கிள்ளை, பரங்கிப்பேட்டை, புவனகிரி. நான் இங்க கடலூரு மஞ்சக்குப்பத்துல ஹால் பாத்துனு இருக்கேன்."

"ஷிப்டு பஸ்ஸு அந்தப் பக்கம்தானே போவுது" என்றாள் அவன் அக்கா. "நம்ம தெருவுல எவன் தோளுல எவன் தூங்குறான்?"

அன்றிலிருந்து அவன் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், வாய் திறக்கவில்லை. ஊரெல்லாம் போய்ச் சேரவேண்டும் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டான். வாரம் ஒரு சரணம், அரை நிமிடம், பஸ் நிறுத்தத்திலோ டீக்கடை வாசலிலோ எடுத்து ஏற்றினான். பதிவேட்டில் சிதம்பரத்தைச் சுற்றி இருந்தவர்கள் ஐம்பத்தேழு பேர். பட்டா கேட்டவர்களை விட்டுவிட்டு, பாட்டைப் பற்றி எழுதியிருந்த அத்தனை பேருக்கும் தனித்தனியாகக் குரலில் செய்தி அனுப்பினான். ஒன்றையே எல்லோருக்கும் தள்ளிவிடவில்லை. "கிள்ளை அண்ணே, உங்க பஸ்ஸு டிரைவர் பாட்டு போடுவாருன்னு எழுதியிருந்தீங்களே, எந்தப் பாட்டு?" என்று கேட்டான். அவர்களும் குரலிலேயே பதில் சொன்னார்கள். புவனகிரிச் செவிலியரிடம் அனுமதி கேட்டு, ஜன்னல் தோள் கொடுத்ததை இன்னொரு சரணமாக எழுதிச் சேர்த்தான். முதலில் யாரையும் எங்கேயும் வரச் சொல்லவில்லை. மூன்று வாரம் பேசிவிட்டு, அதன் பிறகுதான் வாங்க என்றான்.

இடத்தைக் கொடுத்தவரும் பதிவேட்டில் இருந்தவர்தான். சிதம்பரம் கீழ வீதிக்குப் பின்னால் மாடியில் தட்டச்சுப் பயிலகம் நடத்தும் அம்மாள். பங்குனியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. தட்டச்சு இயந்திரங்களை உறை போட்டுச் சுவரோரம் நகர்த்திவிட்டு, நாற்பது முக்காலிகளை நான் வரிசையாகப் போட்டேன். வரிசை நேராக இருந்தது என்று அந்த அம்மாளே சொன்னார்.

ஐந்து மணிக்கு ஆறு பேர் இருந்தோம். நான், என் மனைவி, பயிலக அம்மாள், அவருடைய தங்கை, அண்ணாமலை நகரிலிருந்து வந்த ஒரு தம்பதி. ஐந்தே காலுக்கும் அதே ஆறு பேர். மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு அவன் திருகிய கம்பியையே திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தான்.

"அஞ்சு மணின்னுதான சொன்னேன் மாமா?"

"அஞ்சுன்னுதான் சொன்ன. நான் கேட்டுனுதான இருந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "பரவால்ல. ஆறு பேருக்கும் முழுசா பாடுவேன். நாளைக்கி குழு அண்ணனுக்குப் போன் பண்ணி வந்துடறேன்னு சொல்லிடுவேன்" என்றான். அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எத்தனையோ பேருடைய மனுவை நிராகரித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். அன்றைக்குத்தான் மேஜையின் அந்தப் பக்கத்திலிருந்து அது எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

ஐந்தே முக்காலுக்குப் படிக்கட்டில் செருப்புச் சத்தம். ஒன்றிரண்டல்ல. கடலூர்ப் பக்கமிருந்து வந்த பஸ் ரயில்வே கேட்டில் நின்றுவிட்டதாம். பகல் ஷிப்டு முடித்து ஆலைச் சீருடையோடு, டிபன் பையோடு ஏறி வந்தார்கள். யாரும் பெயர் சொல்லவில்லை. அவன் எதிரே வந்து நின்று, "கிள்ளை" என்றார் ஒருவர். "புதுச்சத்திரம்" என்றார் அடுத்தவர். அவனுக்கு அவர்கள் குரல் தெரிந்திருந்தது. "அண்ணே, நீங்களா?" என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்தான். முக்காலிகள் தீர்ந்து ஐந்து பேர் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

"பட்டா மாமா வந்திருக்காரா?" என்று ஒருவர் சுற்றிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம ஆபீசு லீவு" என்று சொல்லிவிட்டு நான் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன்.

ஒன்பது பாட்டு பாடினான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கூரை மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. இருபத்தைந்து வருடத்தில் மேடையில் அவன் அதைக் கேட்டதே இல்லை என்று பிறகு சொன்னான். பஸ் பாட்டு வந்தபோது கடைசி வரியை அவன் பாடவில்லை. அவர்கள் பாடிவிட்டார்கள். ஜன்னல் சரணத்துக்கு இரண்டாவது வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டார். அவர்தான் புவனகிரி என்று ஊகித்துக்கொண்டேன். போய்க் கேட்கவில்லை.

அந்த மனிதர்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நடுவழியில் இறங்காமல் சிதம்பரம் வரைக்கும் வந்து மாடி ஏறியிருக்கிறார்கள். யாரோ ஒருவன் போனில் தங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான் என்பதற்காக. இதற்கு எந்த விதியிலும் இடமில்லை.

மறுநாள் எங்கள் வீட்டிலிருந்துதான் குழுத் தலைவரை அழைத்தான். ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணே, நான் வரலண்ணே."

அந்தப் பக்கத்திலிருந்து, "எத்தன பேருடா வந்தாங்க?"

"நாப்பத்தஞ்சு பேருண்ணே. அக்கா மாமாவயும் சேத்து."

ஆயிரக்கணக்கான தலைகளுக்கு முன்னால் குழு நடத்துகிறவர் அவர். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"உன் பாட்ட கேக்கவா வந்தாங்க?"

"ஆமாண்ணே."

"அப்ப இன்னாத்துக்குடா வர்ற? நல்லா இரு" என்றார். போனை வைப்பதற்கு முன்னால், அடுத்த தடவை எங்கே பாடுகிறாய், நானும் வந்து உட்காருகிறேன் என்றும் கேட்டார்.

அவன் போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு, சாப்பிட எதாவது இருக்குதாக்கா என்றான்.