உட்கருச் சட்டகமும் உருகிய ஐஸும்

எண்பதுகளில், மதுரைக்கு மேற்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் லேப் அசிஸ்டென்ட். எங்கள் ஐஸ் மெஷின் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடும். அப்போதெல்லாம் ஆரப்பாளையத்தில் ஐஸ் பார் வாங்கி, உமி போட்டுச் சாக்கில் சுற்றி, டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருவேன். "அண்ணே, மீனை எறக்குங்க!" என்று கண்டக்டர் கத்துவார். "மீன் இல்லப்பா, ஆராய்ச்சி!" என்று நானும் கத்துவேன்.

ஐஸ் கஸ்தூரிக்கு. சௌராஷ்டிரப் பெண், பி.எச்.டி. மாணவி, பிடிவாதக்காரி. எலிக் கல்லீரலின் செல் உட்கருவை உப்புக் கரைசலிலும், டி.என்.ஏ.வை வெட்டும் என்சைமிலும் கழுவினால், கடைசியில் வலை மாதிரி ஒரு புரதச் சட்டகம் மிஞ்சும். மேட்ரிக்ஸ் என்போம். டி.என்.ஏ. தன்னை நகலெடுப்பது அதன்மேல் உட்கார்ந்துதானா? இதுதான் அவள் கேள்வி. டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருளான தைமிடினைக் கதிரியக்கம் ஏற்றி எலிக்கு ஊசி போட்டால், புதிதாக உருவாகும் டி.என்.ஏ.வில் அது ஏறிவிடும். கழுவிய பிறகும் மேட்ரிக்ஸில் அது நிறைய நின்றால், விடை ஆமாம்.

ஒரு நாள் டியூப் அடியில் படிந்த மேட்ரிக்ஸ் உருண்டை, பெல்லெட் என்போம், பெரிதாக இருந்தது; கதிரியக்கக் கவுண்ட்டும் எகிறியது. கஸ்தூரி துள்ளிக் குதித்தாள். அடுத்த நாலு முறையும் பெல்லெட் பாதிகூட இல்லை. ஃபெல்லோஷிப் முடிய இரண்டே மாதம். "என் கைதான்ணே சரியில்ல" என்று சரியாகச் சாப்பிடாமல்கூடத் திரிந்தாள்.

அவள் கை சரிதான். கோளாறு என்னுடையது. அந்த நல்ல நாளில் காளவாசலில் பஸ் பஞ்சர். வந்து சேர்ந்தது உமியும் தண்ணீரும். உட்கரு டியூபை ஐஸில் வைப்பது என் வேலை. திட்டுக்குப் பயந்து, வெயிலில் வெதுவெதுத்துக் கிடந்த பானைத் தண்ணீரில் வைத்து மூடிவிட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொன்னேன்.

"ஏண்ணே, அன்னைக்கே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?" அப்புறம் அவர்கள் வீட்டுப் பாஷையில் பொரிந்து தள்ளிவிட்டு வெளியே போனாள். புரியாதது என் நல்ல நேரம்.

பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். "சூட்டுல பால் திரியிற மாதிரி புரதம் திரிஞ்சு ஒட்டியிருக்கும்ணே. அப்ப நாம பாத்தது மேட்ரிக்ஸா, திரிஞ்ச பாலா?"

"அம்புட்டும் போச்சாம்மா?"

"போக விட்ருவேனா? ஒரே கல்லீரல், ரெண்டு பங்கு. ஒண்ணு ஐஸ்ல, ஒண்ணு வேணும்னே முப்பத்தேழு டிகிரியில. நீங்க ஐஸை மட்டும் கொண்டாங்க."

மறுநாள் கண்டக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஒரு பொண்ணு படிப்புப்பா, இன்னைக்கு எதுவும் சொல்லாத." அவர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். "எஞ்சின் பக்கம் வேணாண்ணே, சூடு" என்று பின்சீட்டுக்கு அடியில் அவரே தள்ளிவிட்டார்.

சூட்டில் வைத்த பெல்லெட் பெரிது, ஐஸில் வைத்தது சிறிது. ஆனால் இரண்டிலும், பழைய டி.என்.ஏ. பெரும்பாலும் கழுவிப்போக, புதியது விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று முறை செய்தோம். விடை மாறவில்லை: ஆமாம்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வான வைவாவில் வெளியூர்ப் பேராசிரியர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: "இந்த மேட்ரிக்ஸ் உங்க ஊர் வெயில்ல உண்டானது இல்லைன்னு எப்படிம்மா சொல்றே?"

கஸ்தூரி ஐஸ் பங்கையும் சூட்டுப் பங்கையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் ஸ்லைடைப் போட்டாள். "ஒரு நாள் எங்க ஐஸ் உருகிருச்சு சார். எங்க அண்ணே மறைக்காம சொன்னாரு."

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு கூசியது. மூன்று வாரம் மறைத்தவன் நான். மறுநாளிலிருந்து லேப் நோட்டில் என் முதல் வரி, ஐஸ் வந்த நேரமும் வந்த கோலமும். ஓய்வு பெறும் நாள்வரை ஒரு நாளும் விட்டதில்லை. லேப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளா, நீங்களும் எழுதுங்கள்.