‘வேலை’ என்ற கட்டத்தில் நான் எழுதியது

புதுச்சேரி ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் அம்மாவுக்காக நான் நிரப்பிய படிவம் நான்கு பக்கம். ஐந்தே நிமிடத்தில் முடித்தேன். பயோடெக்னாலஜி படிக்கிறவள் அல்லவா!

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று பயாப்ஸியில் (கட்டியிலிருந்து துணுக்கெடுத்துப் பார்ப்பது) உறுதியாகியிருந்தது. யாருக்கெல்லாம் இது வரக்கூடும் என்று காட்டும் பயோமார்க்கர்களை (ரத்தத்திலும் மரபணுவிலும் உள்ள அடையாளங்கள்) அங்கே ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்; அதற்கான படிவம்தான் இது. பிரவுசிங் சென்டரில் அதைப் பற்றி மணிக்கணக்கில் படித்திருந்தேன். ஆராய்ச்சிக்காக அம்மாவிடம் எடுத்த ரத்தம் ஏறிய குழாயைப் பார்த்தேனே தவிர, அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சாம்மா?"

"யாருக்கும் இல்ல."

"வேலை?"

"எனக்கென்னா வேலை, சும்மா வூட்லதான இருக்கேன்."

இரண்டு கட்டத்திலும் ‘இல்லை’ என்று எழுதினேன்.

அறுவை முடிந்து, கீமோவில் (புற்றணுக்களை அழிக்கும் மருந்து) அம்மாவுக்கு முடி கொட்டிய பிறகு, வேப்பூரிலிருந்து அவர் தங்கை, என் சின்னம்மா, விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்குப் பார்க்க வந்தார். அம்மாவின் தலையைத் தடவியபடி, "பெரியக்காவுக்கும் இப்டி மாருலதான் ஆரம்பிச்சுது" என்றார்.

நான் பிறக்கும் முன்பே இறந்த பெரியம்மாவுக்கு மஞ்சள்காமாலை என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரில கேட்டேனே, ஏம்மா மறைச்ச?"

"உன்னப் பொண்ணு பாக்க வர்றவங்க காதுல வுழுந்தா?"

"மாப்ள வர்றதுக்குள்ள எனக்கும் வந்துட்டா?"

"வாயப் பாரு, நாலெழுத்து படிச்சிட்டா" என்றார் சின்னம்மா.

அன்றுதான் மூலையிலிருந்த கூடை கண்ணில் பட்டது. செராமிக் பொம்மைகள். அவற்றைச் செய்யும் யூனிட்டிலிருந்து (சிறு பட்டறை) வீட்டுக்கு வரும். அம்மா அவற்றுக்குக் கண் எழுதுவார். ஒவ்வொரு கண்ணுக்கும் பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குவார். உட்கார்ந்த இடத்தில் செய்வதால் எங்கள் தெருவில் அதை யாரும் வேலை என்று சொல்வதில்லை. சாயத்தில் என்ன இருக்கிறது என்று யூனிட்காரரிடம் போய்க் கேட்டேன்.

"கலருதாம்மா" என்றார்.

அவர் மேல் கோபம். பெரியம்மாவின் நோயை மாற்றிச் சொன்னவர்கள் மேல் கோபம். அந்தக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பரீட்சைக்குப் படித்துவிட்டு, ‘வேலை இல்லை’ என்று எழுதிய என் கையை என்ன செய்வது?

படிவத்தைத் திருத்த மறுபடி புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். டாக்டரம்மா முழுவதையும் கேட்டார்.

"சாயத்தாலதான் வந்துதுன்னு சொல்ல முடியாது. ஆனா எழுதாம வுட்டா, யாரும் தேடக்கூட மாட்டாங்க. அக்கா தங்கச்சில ரெண்டு பேருக்கு வந்திருக்குது. சின்னம்மாவக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் ஒண்ணு நிரப்புங்க."

உங்கள் கையிலும் இப்படியொரு படிவம் இருக்கலாம். ‘இல்லை’ என்று பதில் வந்தால், தயவுசெய்து இன்னொரு முறை கேளுங்கள்.

என் படிவத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. குடும்பத்தில்: பெரியம்மா, அம்மா. வேலை: பொம்மைக்குக் கண் எழுதுவது, ஏழாம் வகுப்பிலிருந்து, கோடை விடுமுறைகளில், அம்மா பக்கத்தில். எழுதும்போதே உதட்டில் சாயத்தின் ருசி தட்டியது.

ரத்தமும் கொடுத்தேன். முடிவு இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை, குளிக்கும்போது, மார்பை விரலால் வட்டமாக அழுத்திப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம்தான் ஆகும். அதைவிட நீளமான ஐந்து நிமிடம் எனக்கு இப்போது கிடையாது.