அப்பாவின் இடுப்பு வார்

ஓடுகிற காரில் விசிறி பெல்ட் அறுந்தால் செய்யவேண்டியவை குறைவு. இன்ஜினை அணைக்க வேண்டும். அது ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடக்கூடாது. பிறகு வேறு பெல்ட்டை மாட்ட வேண்டும். அரசாங்கப் பட்டறையில் இதைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்தே நான் ஓய்வு பெற்றேன். மாமாவுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் அக்காவின் கல்யாணத்தன்று அவர் வாட்டர் பம்பைக் கழற்றினார்.

மாமா அம்மாவின் தம்பி. அம்மா போனபின் மலாயாவில் கூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் எங்களோடுதான் இருந்தார். அப்பா பெரிய கங்காணி. காரை வாங்கியவர் அவர், ஓட்டியவர் மாமா. முறைப்படி அக்காவை மாமாவுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். சோற்றுக்கு வண்டி ஓட்டுகிறவனுக்குப் பெண் கிடையாது என்று சொல்லி, ஊரிலிருந்து வந்திருந்த ஒரு ஜவுளிக்கடைக்காரருக்கு அப்பா நிச்சயம் செய்தார். மாப்பிள்ளைக்கு அது இரண்டாம் தாரம். காலையில் ஜோகூர் பாரு கோயிலில் தாலி, மாலையில் சிங்கப்பூரில் ஊருக்குக் கப்பல். முகூர்த்தம் தவறினால் தனியாகவே ஏறிவிடுவதாக மாப்பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார். கறாரான மனிதர்.

கோயிலுக்குப் போகிற வழியில், தம்போய்க்கு முன்னால் பெல்ட் அறுந்தது. ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரங்கள். மாட்டுவதற்கு ஒரு ரப்பர் வார் இல்லை.

"மாத்து பெல்ட்டு எங்கடா?" என்றார் அப்பா.

"வீட்டுலயே வச்சிட்டேன் மச்சான். பம்பும் போயிருச்சு போல. கழட்டிப் பாத்துடறேன்."

"வண்டி ஓட்ட மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன். நிறுத்தவும் நல்லாத் தெரியுதே."

பெல்ட் சுற்றினால்தான் பம்பு சுற்றும். பெல்ட் இல்லாத வண்டியில் பம்பைக் கழற்றுவது, சோறில்லாத வீட்டில் இலையைக் கழுவி வைப்பது மாதிரி. மாமா ஒவ்வொரு திருகாணியையும் கழற்றி, துடைத்து, புல்லில் வரிசையாக வைத்தார். வெயில் ஏறியது. பட்டுச்சேலையில் பின்சீட்டில், அன்று சிறுவனாயிருந்த என் பக்கத்தில் இருந்த அக்கா அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அறுந்த பெல்ட்டை எடுத்து நுனியைத் தடவினார். தேய்ந்து அறுந்த பெல்ட்டின் நுனி முழுக்கப் பிரிபிரியாக இருக்கும். இது பாதிதான் பிரிந்திருந்தது. மீதி, கத்தி வைத்ததுபோல் நேராக இருந்தது. அப்பா தம் இடுப்பிலிருந்த அகலமான பச்சைத் தோல் வாரைக் கழற்றினார். எங்கள் முதுகுகளுக்குப் பழக்கமான வார். மாமா உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

அக்கா இறங்கி வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"இது போதும்ப்பா. அளவு சரியா வரும். குடுங்க, நான் தைச்சுத் தர்றேன்."

அப்பாவின் கை தாழ்வதற்குச் சற்று நேரமாயிற்று.

"நீ தைக்காத புள்ள," என்றார் மாமா.

"நீங்க பம்ப மாட்டுங்க மாமா," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

காரின் கூரைத்துணிக்காக வைத்திருந்த சாக்கு ஊசியால், நூலை இரட்டையாகக் கோத்துத் தைத்தாள். மாமா தைத்திருந்தால் அந்த வார் அடுத்த வளைவைத் தாண்டியிருக்காது. அக்காவின் தையல் ஓர் இழைகூட விடாமல் கோயில் வாசல்வரை தாங்கியது.

அன்று மாலை அவள் கப்பல் ஏறினாள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. மாமா கார்ச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு எங்கோ போய்விட்டார்.

எனக்கோ அது நல்ல நாள். அடிக்கிற வார் இன்ஜினுக்குள் போய்விட்டது. அக்கா கல்யாணம் நிற்கக்கூடாதென்று அப்பா இடுப்பு வாரையே கழற்றிக் கொடுத்தார் என்று தோட்டம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.